பொத்தான் யார் கையில்? அமெரிக்காவின் அபாய எச்சரிக்கைகளும் காவல்துறையின் பொறுப்பும்

2024 அக்டோபர் 4 அன்று அதிகாலை 5 மணிக்குச் சற்று முன்பு டெக்சாஸ் மாநிலம் முழுவதும் கைபேசிகள் அலறின. மாநிலத்தின் வடக்கே, ஹால் கவுண்டியில் உள்ள மெம்ஃபிஸ் என்ற சிற்றூரின் காவல்துறைத் தலைவரை ஒருவர் சுட்டுவிட்டுத் தப்பியிருந்தார். அவரைப் பிடிக்க உதவி கேட்டு மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறை விடுத்த ‘புளூ அலர்ட்’ அது. சம்பவ இடத்திலிருந்து 700 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த ஹூஸ்டன் நகரமும் விழித்துக்கொண்டது. மத்தியத் தகவல் தொடர்பு ஆணையத்துக்கு (எஃப்.சி.சி.) 4,500-க்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. இனி இந்த எச்சரிக்கைகளே வேண்டாம் என்று கைபேசியில் அணைத்துவிட்டதாகப் பலர் எழுதியிருந்தார்கள்.

அவர்கள் அணைத்தது எதை என்பதைக் கவனிக்க வேண்டும். காவலர் தாக்கப்பட்டால் விடுக்கப்படும் புளூ அலர்ட்டுக்குக் கைபேசியில் தனி விசை கிடையாது. ‘உடனடி ஆபத்து’ என்ற வகையில்தான் அதை எஃப்.சி.சி. 2017-இல் சேர்த்தது. திடீர் வெள்ளம், சூறாவளி எச்சரிக்கைகள் வருவதும் அதே வகையில்தான். ஒன்றை அணைத்தால் மற்றவையும் அணைந்துபோகும்.

ஒன்பது மாதங்கள் கழிந்தன. 2025 ஜூலை 4 அதிகாலை 1.14 மணிக்கு, அதே டெக்சாஸின் மலைப்பகுதியில் உள்ள கெர் கவுண்டிக்குத் தேசிய வானிலைச் சேவை திடீர் வெள்ள எச்சரிக்கை விடுத்தது. குவாடலூப் ஆறு 45 நிமிடங்களில் 26 அடி உயர்ந்ததாகத் துணை ஆளுநர் டான் பேட்ரிக் பின்னர் சொன்னார். அந்த வெள்ளத்தில் மாநிலத்தில் 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் நூறு பேருக்கு மேல் கெர் கவுண்டியில் மட்டும். ஆற்றங்கரையிலிருந்த ‘கேம்ப் மிஸ்டிக்’ சிறுமியர் முகாமில் சிறுமிகளும் அவர்களைப் பார்த்துக்கொண்ட இளம்பெண்களுமாக 27 பேர்.

ஒரு காவலருக்காக 254 கவுண்டிகளையும் எழுப்ப முடிந்த ஏற்பாட்டால், ஒரே கவுண்டியின் ஆற்றங்கரையை எழுப்ப முடியவில்லை. தொழில்நுட்பக் கோளாறு என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. எச்சரிப்பது ஓர் அதிகாரம். அமெரிக்காவின் பல பகுதிகளில் அது கவுண்டியின் காவல் தலைவரான ஷெரீஃப், மாநிலக் காவல்துறை, காவல் கட்டுப்பாட்டு அறை ஆகியவற்றின் கையில் இருக்கிறது. துப்பாக்கியை எடுத்த காவலரிடம் ஏன் எடுத்தாய் என்று கேட்கும் வழக்கம் அங்கே ஓரளவாவது வேரூன்றியிருக்கிறது. பொத்தானை அழுத்தாத காவலரிடம் ஏன் அழுத்தவில்லை என்று கேட்கும் வழக்கம் இன்னும் வரவில்லை. ஒவ்வொரு பேரழிவுக்குப் பிறகும் ‘மக்கள் எச்சரிக்கையைப் பொருட்படுத்தவில்லை’ என்ற பேச்சுதான் முதலில் எழுகிறது. நடந்தவற்றை நிமிடவாரியாகப் படித்தால் வேறு கதை தெரிகிறது.

கெர் கவுண்டியின் அந்த இரவையே எடுத்துக்கொள்வோம். அங்கே எச்சரிக்கை மக்களைச் சென்றடைய இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கைபேசிக் கோபுரங்கள் வழியாக, அந்தப் பகுதியிலுள்ள எல்லாக் கைபேசிகளையும் ஒரே நேரத்தில் அலற வைக்கும் மத்திய அரசின் ஏற்பாடு. இதற்கு யாரும் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. 2012 முதல் நடைமுறையில் இருக்கிறது. வானிலைச் சேவை மட்டுமல்லாமல், அனுமதி பெற்ற கவுண்டிகளும் இதில் செய்தி அனுப்பலாம். மற்றது ‘கோட்ரெட்’ என்ற தனியார் சேவை. கவுண்டி நிர்வாகம் செய்தியைக் கொடுத்தால் அது தன் பட்டியலில் உள்ள எண்களுக்கு அழைப்பும் குறுஞ்செய்தியும் அனுப்பும்.

வானிலைச் சேவை தன் பங்கைச் செய்தது. அதிகாலை 4.03-க்கு அதன் உச்சகட்ட எச்சரிக்கையான ‘திடீர் வெள்ள அவசரநிலை’யையும் அறிவித்தது. ஆனால் கைபேசி சிக்னல் சரியாகக் கிடைக்காத மலையிடுக்குகள் அவை. முகாமிலிருந்த சிறுமிகளுக்குக் கைபேசி வைத்துக்கொள்ள அனுமதியும் இல்லை. 4.22 மணிக்குத் தீயணைப்பு வீரர் ஒருவர் ஷெரீஃபின் கட்டுப்பாட்டு அறையை வானொலியில் அழைத்தார். ஹண்ட் பகுதி மக்களை மேட்டுக்குப் போகச் சொல்லிக் கோட்ரெட் அனுப்ப முடியுமா என்று கேட்டார். மேலதிகாரியின் ஒப்புதல் வாங்க வேண்டும், காத்திருங்கள் என்று பதில் வந்தது. சிலருக்கு அந்தச் செய்தி ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து வந்தது. சிலருக்குக் காலை 10 மணிக்குப் பிறகு வந்தது. முதல் வழியான மத்திய ஏற்பாட்டை, உயிர்கள் போய்க்கொண்டிருந்த அந்த மணிநேரங்களில் கவுண்டி பயன்படுத்தவே இல்லை.

மேலதிகாரிகள் எங்கே இருந்தார்கள்? ஜூலை 31 அன்று கெர்வில் நகரில் சட்டமன்றக் குழு நடத்திய விசாரணையில் இது வெளிவந்தது. அவசரகால ஒருங்கிணைப்பாளர் உடல்நலமில்லாமல் உறங்கிக்கொண்டிருந்தார். கவுண்டியின் நிர்வாகத் தலைவரான ‘கவுண்டி ஜட்ஜ்’ ராப் கெல்லி வெளியூரில், லேக் டிராவிஸில் இருந்தார். ஷெரீஃப் லாரி லீத்தா அதிகாலை 4.20 வாக்கில்தான் எழுப்பப்பட்டார். அதிகாரிகளும் மனிதர்கள்தாம், நோயும் உறக்கமும் அவர்களுக்கும் உண்டு. மூவரும் எழும்வரை கவுண்டியின் குரலும் எழாது என்ற ஏற்பாட்டை வகுத்ததைத்தான் குற்றமென்கிறேன்.

அந்த ஏற்பாட்டுக்குப் பின்னே ஒரு பணக்கணக்கும் இருக்கிறது. 2015-இல் அதே மலைப்பகுதியின் விம்பர்லி ஊரை வெள்ளம் சூறையாடிய பின், கெர் கவுண்டி நிர்வாகிகள் ஆற்றங்கரையில் சைரன் வைப்பதைப் பற்றி விவாதித்தார்கள். ஏறத்தாழ 10 லட்சம் டாலர் செலவாகும் திட்டத்துக்கு மானியம் கேட்டு விண்ணப்பித்தார்கள். கிடைக்கவில்லை. பிறகு 2021-இல் கொரோனா நிவாரணச் சட்டத்தின்படி 1 கோடியே 2 லட்சம் டாலர் வந்து சேர்ந்தது. அதில் சுமார் 70 லட்சம், ஷெரீஃப் துறையும் தீயணைப்புத் துறையும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வானொலிக் கருவிகளுக்குப் போனது. காவலர்களுக்கு நல்ல வானொலி தேவைதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் காவலர் காவலரோடு பேச 70 லட்சமும், காவல்துறை மக்களோடு பேச ஒன்றுமில்லை என்பதுமான பட்ஜெட்டைப் படித்த பிறகு, 4.22 மணிக்கு நடந்தது வியப்பளிக்கவில்லை.

அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில், கெண்டல் கவுண்டியில், கம்ஃபர்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. 1987 ஜூலையில் முகாம் ஒன்றிலிருந்து கிளம்பிய பேருந்து அந்த ஊருக்கு அருகே வெள்ளத்தில் சிக்கிப் பத்து இளையோர் இறந்தார்கள். ஊர் அதை மறக்கவில்லை. அங்கத்திய தன்னார்வத் தீயணைப்புப் படையினர் அங்குமிங்கும் நிதி திரட்டிச் சைரன்களைப் புதுப்பித்து வைத்திருந்தார்கள். 2025 ஜூலை 4 அன்று சைரன் ஒலித்தது. தீயணைப்பு வீரர்கள் தெருத் தெருவாகவும் போய் மக்களைக் கிளப்பினார்கள். கம்ஃபர்ட்டில் ஒருவர்கூட இறக்கவில்லை. வெள்ளம் அங்கே வந்து சேர மேலும் சில மணிநேரம் ஆனதும் ஒரு காரணம்தான். என்றாலும் அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு அங்கே இருந்தது. சைரன் கேட்டதும் மக்கள் கிளம்பினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி டெக்சாஸின் இன்னொரு ஊரான உவால்டே. கெர்வில்லிலிருந்து தென்மேற்கே காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 2022 மே 24 அன்று அங்கே ராப் தொடக்கப் பள்ளியில் 18 வயது இளைஞன் ஒருவன் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் சுட்டுக் கொன்றான். காவல்துறையின் செயலற்ற தன்மைக்காக உலகமே பேசிய நிகழ்வு அது. அதற்குள் ஒரு எச்சரிக்கைக் கதையும் இருப்பதைப் பலர் கவனிக்கவில்லை.

உவால்டே மெக்சிகோ எல்லையிலிருந்து அதிக தூரமில்லை. எல்லை தாண்டி வருவோரை ஏற்றிச் செல்லும் வாகனங்களைக் காவலர்கள் துரத்துவதும், வாகனத்தைப் போட்டுவிட்டு உள்ளிருப்போர் சிதறி ஓடுவதும் அந்த ஊரில் அன்றாடக் காட்சி. ‘பெயில்அவுட்’ என்பார்கள். ஒவ்வொரு முறையும் பள்ளிக்கு எச்சரிக்கை வரும், கதவுகள் மூடப்படும். 2022 பிப்ரவரி முதல் மே வரை மட்டும் இப்படி 50-ஐ ஒட்டிய எச்சரிக்கைகள் வந்திருந்தன. புலி வருது கதைதான். மே 24 அன்றும் ஆசிரியர்களில் சிலர் இது இன்னொரு பெயில்அவுட் என்றே நினைத்தார்கள். எச்சரிக்கைகளின் எண்ணிக்கை அவற்றின் கனத்தைக் குறைத்து, எல்லோருடைய விழிப்பையும் மழுக்கிவிட்டது என்று டெக்சாஸ் சட்டமன்றக் குழு 2022 ஜூலையில் தந்த அறிக்கையில் எழுதியது. போதாக்குறைக்கு, ‘ராப்டர்’ என்ற கைபேசிச் செயலி வழியாக முதல்வர் அனுப்பிய எச்சரிக்கை, பள்ளியின் பலவீனமான வைஃபையால் எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை. ஒலிபெருக்கியில் யாரும் அறிவிக்கவில்லை.

அந்த மழுங்கலுக்கு ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துரத்தலைக் குறைப்பதா, எச்சரிக்கையின் தரத்தைப் பிரிப்பதா என்று முடிவு செய்யும் நிலையில் அவர்கள் இல்லை.

அதன் பிறகு நடந்தது நெஞ்சைப் பிளக்கும். காலை 11.33-க்கு அவன் பள்ளிக்குள் நுழைந்தான். சில நிமிடங்களில் காவலர்களும் நுழைந்தார்கள். அவன் சுட்டதும் பின்வாங்கினார்கள். 12.50-க்குத்தான் வகுப்பறைக்குள் புகுந்து அவனைச் சுட்டு வீழ்த்தினார்கள். 77 நிமிடங்கள். உள்ளிருந்து குழந்தைகள் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்துப் போலீஸை அனுப்பச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். போலீஸ் கதவுக்கு வெளியே நடைவழியில் நின்றது. மொத்தம் 376 பேர் வந்து சேர்ந்தார்கள்: எல்லைக் காவல் படையிலிருந்து 149, மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையிலிருந்து 91, மீதிப் பேர் உள்ளூரிலும் அக்கம்பக்கத்திலும் இருந்து. 1999 கொலம்பைன் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு அமெரிக்கக் காவலர் பயிற்சியின் பாலபாடமே, காத்திருக்காமல் உள்ளே போய்ச் சுடுபவனை எதிர்கொள் என்பதுதான். பள்ளி வேலிக்கு வெளியே பெற்றோர்கள் உள்ளே விடுங்கள் என்று கதறினார்கள். காவலர்கள் தடுத்தது அவர்களைத்தான்.

எச்சரிக்கைக்கு மக்கள் எப்படிப் பதில் தருகிறார்கள் என்பது ஆய்வாளர்களுக்குப் பழைய கேள்வி. உவால்டே அதைத் திருப்பிப் போட்டுக் கேட்க வைக்கிறது. மக்கள் அனுப்பிய எச்சரிக்கைக்கு, அந்தக் குழந்தைகளின் 911 அழைப்புக்கு, அரசு எப்படிப் பதில் தந்தது?

பொறுப்புக்கூறல் என்ன ஆயிற்று? முதல் நாட்களில் காவலர்கள் தீரமாக நடந்துகொண்டார்கள் என்று சொல்லப்பட்டது. ஆளுநர் கிரெக் அபட்டே பிறகு தன்னிடம் தவறான தகவல் தரப்பட்டது என்றார். பள்ளி மாவட்டக் காவல்துறைத் தலைவர் பீட் அரெடோண்டோ அந்த ஆகஸ்டில் பணிநீக்கம் செய்யப்பட்டார். மத்திய நீதித்துறை 2024 ஜனவரியில் வெளியிட்ட விரிவான அறிக்கை, தலைமை, முடிவெடுத்தல், பயிற்சி என அடுக்கடுக்கான தோல்விகளைப் பதிவு செய்தது. 2024 ஜூனில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் அரெடோண்டோவும் இன்னொரு முன்னாள் பள்ளிக் காவலரும். 376 பேரில் இருவர். பள்ளி மாவட்டமும் கவுண்டியும் தங்களிடமிருந்த ஆவணங்களையும் காணொளிகளையும் ஊடகங்கள் தொடர்ந்த வழக்குகளுக்குப் பிறகு 2025 ஆகஸ்டில்தான் வெளியிட்டன.

இதற்குச் சட்டத்தில் ஒரு வேர் உண்டு. தனிமனிதர் ஒருவரைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்ற அரசியல் சட்டக் கடமை காவல்துறைக்குப் பொதுவாக இல்லை என்பதே அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. 1989-இன் டிஷேனி வழக்கில், தந்தையின் கொடுமையிலிருந்து ஒரு சிறுவனைக் காக்கத் தவறிய அரசு நிறுவனம் அரசியல் சட்டத்தை மீறவில்லை என்று தீர்ப்பானது. 2005-இன் காஸில் ராக் வழக்கு இன்னும் கொடியது. கணவரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்ற ஆணை பெற்றிருந்த கொலராடோ தாய் ஒருவர், கணவர் மூன்று மகள்களையும் கொண்டுபோய்விட்டதாகக் காவல்துறையிடம் திரும்பத் திரும்ப முறையிட்டார். காவல்துறை அசையவில்லை. மூன்று சிறுமிகளும் கொல்லப்பட்டார்கள். ஆணையை நிறைவேற்றும்படி கோர அவருக்கு அரசியல் சட்ட உரிமை இல்லை என்று 7-2 என்ற பெரும்பான்மையில் நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 2018-இல் ஃபுளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டபோது வெளியே நின்ற காவலர்மீது தொடரப்பட்ட குற்ற வழக்கிலும் 2023-இல் விடுதலைதான் கிடைத்தது. செய்த தவறுக்கே தண்டனை அரிது. செய்யத் தவறியதற்குச் சட்டத்தில் கிட்டத்தட்ட இடமே இல்லை. கெர் கவுண்டியின் 4.22 மணியும் உவால்டேயின் 77 நிமிடமும் இந்த வெற்றிடத்தில்தான் போய் விழுகின்றன.

இனி கலிஃபோர்னியாவின் சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்கு வருவோம். 2017 அக்டோபர் 8 இரவு, நாபா பள்ளத்தாக்கின் கலிஸ்டோகா அருகே பற்றிய ‘டப்ஸ்’ தீ, காற்றின் வேகத்தில் மலை தாண்டி விடியற்காலைக்குள் சாண்டா ரோசா நகரத்தின் வீடுகளுக்குள் புகுந்தது. 22 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். 5,600-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. சொனோமா கவுண்டியின் கையில் எல்லாக் கைபேசிகளையும் அலற வைக்கும் வசதி இருந்தது. வேண்டுமென்றே அதைப் பயன்படுத்தவில்லை. கவுண்டி முழுவதற்கும் செய்தி போய்விடும், பீதியில் மக்கள் சாலைகளை அடைத்துவிடுவார்கள், தீயணைப்பு வண்டிகள் மாட்டிக்கொள்ளும் என்பது அவர்கள் சொன்ன காரணம். முன்பே பதிவு செய்தவர்களுக்கு மட்டும் குறுஞ்செய்தி போனது. வடக்கே அதே இரவில் சல்ஃபர் தீ எரிந்த லேக் கவுண்டியில் எல்லாக் கைபேசிகளுக்கும் எச்சரிக்கை அனுப்பினார்கள். அங்கே யாரும் இறக்கவில்லை.

மக்கள் பீதியடைவார்கள் என்ற இந்த நம்பிக்கையை ஆய்வாளர்கள் வெகுகாலம் முன்பே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். சமூகவியலாளர் என்ரிகோ குவாரண்டெல்லி 1963-இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சகாக்களோடு தொடங்கிய பேரிடர் ஆய்வு மையம் வெள்ளம், நிலநடுக்கம், வெடிவிபத்து என நூற்றுக்கணக்கான நிகழ்வுகளை நேரில் போய் ஆராய்ந்தது. திரைப்படத்தில் வருவதுபோல ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு ஓடும் கூட்டம் மிக அரிது என்று கண்டது. பெரும்பாலோர் பக்கத்து வீட்டைத் தட்டுகிறார்கள், பிள்ளைகளைத் தேடுகிறார்கள், அடுத்தவரைத் தூக்கிச் செல்கிறார்கள். கொலராடோவின் டென்னிஸ் மிலெட்டி முதலியோர் எச்சரிக்கைகளையே தனியாக ஆராய்ந்தார்கள். எச்சரிக்கை கேட்டதும் மக்கள் உடனே கிளம்புவதில்லை, உண்மைதானா என்று முதலில் நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள் என்று கண்டார்கள். ஆக, அதிகாரிகள் அஞ்ச வேண்டியது பீதியையல்ல, தாமதத்தை. யார் சொல்கிறார்கள், என்ன ஆபத்து, எந்த இடத்துக்கு, எப்போது, என்ன செய்ய வேண்டும் என்ற ஐந்தையும் செய்தி தெளிவாகச் சொன்னால் அந்த விசாரிப்பு நேரம் சுருங்குகிறது. 2019 இறுதிவரை கைபேசி எச்சரிக்கைக்கு 90 எழுத்துகள்தான் அனுமதி. அதற்குள் இவ்வளவையும் அடக்குவது கடினம். இப்போது 360.

சொனோமாவுக்குப் பாராட்டும் சொல்ல வேண்டும். 2018 பிப்ரவரியில் மாநில அவசரப் பணிகள் அலுவலகம் நடத்திய ஆய்வு, கைபேசி எச்சரிக்கை பற்றிக் கவுண்டியின் அறிவு பழையதாகிவிட்டது என்று வெளிப்படையாக எழுதியது. அவசரகால மேலாளர் மாற்றப்பட்டார். மாநிலம் புதிய விதிகளை இயற்றியது. வெளியேறுங்கள் என்பதற்கென்றே தனி ஒலியுள்ள ‘ஹை-லோ’ சைரன்கள் ஷெரீஃபின் வண்டிகளில் பொருத்தப்பட்டன. 2019 அக்டோபரில் ‘கின்கேட்’ தீ வந்தபோது முன்கூட்டியே எச்சரித்து ஏறத்தாழ 1,90,000 பேரை வெளியேற்றினார்கள். சாலைகள் நெரிந்தன, ஆனால் ஒருவரும் இறக்கவில்லை. அதே கவுண்டி, அதே மக்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் மாறியது நிர்வாகத்தின் மனமும் விதிகளும் மட்டும்தான்.

அதே வளைகுடாப் பகுதியில் இன்னொரு நிகழ்வும் உண்டு. 2009 புத்தாண்டு அதிகாலையில் ஓக்லாந்தின் ஃபுரூட்வேல் ரயில் நிலையத்தில் ஆஸ்கார் கிராண்ட் என்ற கறுப்பின இளைஞரை, அவர் குப்புறக் கிடக்கையில், ‘பார்ட்’ ரயில் காவலர் ஒருவர் சுட்டுக் கொன்றார். பயணிகளின் கைபேசிக் காணொளிகள்தாம் அதை உலகுக்குக் காட்டின. 2011-இல் இன்னொருவர் ரயில் காவலரால் கொல்லப்பட்டபோது போராட்டம் கிளம்பியது. அந்த ஆகஸ்ட் 11 அன்று, போராட்டக்காரர்கள் ஒருங்கிணைவதைத் தடுக்க, சான்ஃபிரான்சிஸ்கோ நிலத்தடி நிலையங்களில் கைபேசிச் சேவையையே பார்ட் நிர்வாகம் மணிக்கணக்கில் நிறுத்திவைத்தது. அந்த நேரத்தில் சுரங்கத்துக்குள் ஒருவருக்கு மாரடைப்பு வந்திருந்தாலும் அவரால் 911-ஐ அழைத்திருக்க முடியாது. சேவையைத் துண்டிக்க நீதிமன்ற ஆணை வேண்டும் என்று கலிஃபோர்னியா 2013-இல் சட்டம் போட்டது. எச்சரிக்கையும் மௌனமும் ஒரே அதிகாரத்தின் இரு பக்கங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

நியூ ஜெர்சியில் எச்சரிக்கைக்கும் காவல்துறைக்கும் உள்ள இணைப்பு அமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அங்கே மாநில அவசரகால மேலாண்மை அலுவலகம் மாநிலக் காவல்துறையின் ஒரு பிரிவு. காவல்துறைத் தலைவரே மாநிலத்தின் அவசரகால இயக்குநர். வெள்ளத்தில் நம்மை எச்சரிப்பதும், டர்ன்பைக் நெடுஞ்சாலையில் நம் காரை நிறுத்துவதும் ஒரே துறை.

நிறத்தைப் பார்த்துக் கார்களை நிறுத்துவதாக எழுந்த குற்றச்சாட்டால் அந்தத் துறை 1999 முதல் 2009 வரை நீதிமன்றக் கண்காணிப்பின்கீழ் இருந்தது. கண்காணிப்பு முடிந்த பிறகு நிறுத்தப்பட்ட 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களின் தரவுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2023-இல் வெளியானது. கறுப்பின, லத்தீன் ஓட்டுநர்களிடம் பாகுபாடு தொடர்வதற்கான சான்றுகளை அது காட்டியது. அதற்குப் பின் மாநிலக் காவலர்கள் அபராதச் சீட்டு எழுதுவதையே வெகுவாகக் குறைத்துக்கொண்டார்கள் என்ற செய்தி 2024-இல் வெளிவந்தது. கணக்குக் கேட்டால் வேலையை நிறுத்துவோம் என்பதாகவே அதைப் படிக்க முடிகிறது. மாநிலத் தலைமை வழக்கறிஞர் அதை விசாரிக்க நேர்ந்தது.

2021 செப்டம்பர் 1 மாலையில் ‘ஐடா’ புயலின் எச்சம் அந்த மாநிலத்தின்மீது கொட்டியது. நியூவர்க்கில் ஒரே நாளில் 8.41 அங்குல மழை. கைபேசிகள் அன்று பலமுறை அலறின. என்றாலும் மாநிலத்தில் 30 பேரளவில் இறந்தார்கள், பலர் கார்களுக்குள். எலிசபெத் நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் மட்டும் நால்வர். இறந்தவர்களில் இந்திய வம்சாவளியினரும் உண்டு. எச்சரிக்கை போயும் ஏன் இவ்வளவு சாவு? வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவனிடம் ‘திடீர் வெள்ளம்’ என்று சொன்னது எச்சரிக்கை. எந்தச் சாலை மூழ்கிவிட்டது, எங்கே ஒதுங்குவது என்று சொல்லவில்லை. மூழ்கப்போகும் சாலையை முன்கூட்டி மூடும் வேலை காவல்துறையுடையது.

மொழியும் ஒரு தடை. கைபேசி எச்சரிக்கைகள் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் மட்டுமே வந்தன. நியூயார்க்கில் அந்த இரவில் தரைக்கடி அறைகளில் மூழ்கி இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆசியக் குடியேறிகள். 2023 அக்டோபரில் எஃப்.சி.சி. 13 மொழிகளில் எச்சரிக்கை தர வழிசெய்யும் விதியை நிறைவேற்றியது. ஆங்கிலமல்லாத அந்தப் பட்டியலில் இந்தி இருக்கிறது, தமிழ் இல்லை. தமிழர்கள் வாழும் எடிசனிலும் ஃப்ரீமாண்டிலும் இர்விங்கிலும் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் தாத்தா பாட்டிகள், பகலில் வீட்டில் தனியாக இருக்கும்போது கைபேசி அலறினால் என்ன செய்வது என்று அவர்களுக்கு யாராவது சொல்லித் தந்திருக்கிறார்களா? தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கை இதற்குக் கொடுக்கலாம்.

இதை அமெரிக்காவின் குறையாக மட்டும் பார்த்து நாம் நிம்மதியடைய வழியில்லை. 2015 டிசம்பர் 1 இரவில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டபோது அடையாற்றங்கரையில் உறங்கியவர்களுக்கு என்ன எச்சரிக்கை கிடைத்தது என்று சென்னைக்குத் தெரியும். அது மனிதரால் விளைந்த பேரழிவு என்று தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை 2018-இல் சொன்னது. 2018 மே மாதத் தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் கொல்லப்பட்டது பற்றி விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம், காவல்துறை வரம்பு மீறியதாகக் கண்டு 17 காவல்துறையினர்மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. அறிக்கை எழுத நமக்கும் தெரியும். அறிக்கைக்குப் பிறகான வேலையில்தான் இரண்டு நாடுகளும் ஒன்றுபோலத் தடுமாறுகின்றன.

கெர் வெள்ளத்துக்குப் பிறகு டெக்சாஸ் 2025 செப்டம்பரில் முகாம் பாதுகாப்புக்கும் வெள்ள அபாயப் பகுதிகளில் சைரன் அமைக்கவும் சட்டங்கள் இயற்றியது. நல்லது. ஆனால் சைரனை ஒலிக்க வேண்டியவர் தூங்கிவிட்டால் அடுத்து யார், எத்தனை நிமிடத்தில் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். எச்சரிக்கை கேட்கப்பட்ட நேரமும் அனுப்பப்பட்ட நேரமும் ஒவ்வொரு நிகழ்வுக்குப் பிறகும் வழக்குத் தொடுக்காமலேயே மக்களுக்குக் கிடைக்க வேண்டும். காவலர் உடையில் கேமரா மாட்ட வேண்டும் என்று ஒரு தலைமுறை போராடிப் பெற்றதைப் போல, கட்டுப்பாட்டு அறையின் நேரப் பதிவையும் போராடித்தான் பெற வேண்டும். அழுத்தாத பொத்தானுக்குத் துறைரீதியான விசாரணையாவது உண்டு என்று அந்த நாற்காலியில் உட்காருபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். புளூ அலர்ட்டுக்கு எஃப்.சி.சி. தனி விசை கொடுத்துவிட்டால், காவலருக்காக எழுப்பப்பட்டுச் சலித்தவர்கள் வெள்ளத்துக்கும் சேர்த்துக் காதடைக்க மாட்டார்கள்.

அங்கே வாழும் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கைபேசியிலும் உங்கள் பெற்றோரின் கைபேசியிலும் அவசர எச்சரிக்கை விசை அணைந்திருந்தால் இயக்கிவிடுங்கள். உங்கள் கவுண்டியின் எச்சரிக்கைச் சேவையில் பதிவு செய்யுங்கள், அது தானாக வராது. பிறகு கவுண்டி நிர்வாகக் கூட்டத்துக்கு ஒருமுறை போய், நள்ளிரவில் எங்களை எழுப்பும் பொறுப்பு யாருடையது, அவர் இல்லாவிட்டால் யாருடையது என்று கேளுங்கள். அந்தக் கூட்டங்களில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குகிறார்கள். பேச எழுந்தவரிடம் விசாவோ குடியுரிமையோ கேட்பதில்லை.